காது குடைந்தால் இருமல் ஏன் வருகிறது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். பட்ஸ் வைத்துக் காது குடையும்போதெல்லாம் தொண்டை கரகரத்து இருமல் வருகிறது. போன மாதம் லேபில் ரத்தம் எடுக்கும்போது கண் இருட்டி நாற்காலியிலேயே சரிந்துவிட்டீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த நண்பர், "உனக்கு வேகஸ் நரம்பு வீக்" என்று சொல்லிவிட்டார். அதைப் பலப்படுத்த ஐஸ் தண்ணீரில் முகம் முக்கலாமா, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடலாமா என்று கேட்கிறீர்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்: காது, தொண்டை, இதயம் எல்லாவற்றிலும் ஒரே நரம்பு எப்படி வந்து தலையிடுகிறது, உங்களுக்கு அது ஒழுங்காக வேலை செய்கிறதா?

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். அறுவை சிகிச்சைப் பக்கம் வருவதற்கு முன்னால் இரண்டு வருடம் உடலியங்கியல் துறையில் ட்யூட்டராக இருந்தேன், அதனால் இந்த நரம்பின் மேல் கொஞ்சம் பாசம் உண்டு. காதில் குறும்பி எடுக்கும்போது இருமுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். "தொண்டையில ஒண்ணும் இல்ல டாக்டர், ஆனா இருமல் வருது" என்று ஏதோ தப்புச் செய்தவர்போல் மன்னிப்புக் கேட்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. காதுத் துவாரத்தின் பின்சுவரிலும் அடித்தரையிலும் உள்ள தோலுக்கு வேகஸ் நரம்பின் ஒரு சின்னக் கிளை வருகிறது. ஜெர்மன் உடற்கூறியலாளர் ஃபிரெடரிக் ஆர்னால்டு 1832-இல் இந்த இருமலை விவரித்தார். அந்தக் கிளைக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். குரல்வளைக்கும் மூச்சுக்குழாய்க்கும் உணர்வு கொடுப்பதும் இதே வேகஸ்தான். காதிலிருந்து போகும் செய்தியும் தொண்டையிலிருந்து போகும் செய்தியும் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் அக்கம்பக்கத்தில் போய்ச் சேர்கின்றன. இருமலைக் கிளப்பும் சுற்று, வந்த தபாலில் விலாசத்தைத் தப்பாகப் படித்துவிடுகிறது. "குரல்வளையில் ஏதோ விழுந்துவிட்டது, வெளியே தள்ளு" என்கிறது. நீங்கள் இருமுகிறீர்கள்.

இந்தக் கிளை எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் காதைத் தொட்டால் இருமுகிறவர்கள், ஆரோக்கியமான ஆட்களில் நூற்றுக்கு இரண்டிலிருந்து நான்கு பேர்தான். அதிலும் பலருக்கு ஒரு காதில் மட்டும் வரும். நாள்பட்ட வறட்டு இருமலோடு வருகிறவர்களைச் சோதித்த ஓர் ஆய்வில் நான்கில் ஒருவருக்கு இது இருந்தது. அந்தச் சுற்றே அவர்களுக்குக் கூர்மையேறிப் போயிருக்கிறது என்று இதைப் படிக்கலாம். "வீக்" என்ற சொல்லுக்கு இங்கே இடமே இல்லை. இருமலுக்குப் பதிலாகக் குமட்டல் வருகிறவர்களும் உண்டு, அபூர்வமாக நாடி இறங்கித் தலை கிறுகிறுத்துப் போகிறவர்களும் உண்டு. காது கழுவும்போது நான் ஆளைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைப்பது இதனால்தான். (தண்ணீர் உடல் சூட்டைவிடக் குளிர்ந்திருந்தால் வருகிற தலைசுற்றல் வேறு கதை. அது உள்காதின் சமநிலை உறுப்பு செய்கிற வேலை, வேகஸுக்குச் சம்பந்தமில்லை.)

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் பன்னிரண்டு ஜோடி நரம்புகளில் வேகஸ் பத்தாவது. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு அலைந்து திரிவது என்று பொருள். பெயர் பொருத்தமானதுதான். மண்டையோட்டின் அடியில் ஒரு துளை வழியாக இறங்கி, கழுத்தில் பெரிய தமனியையும் சிரையையும் ஒட்டிக்கொண்டே போய், இதயம், நுரையீரல், உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடல் என்று எல்லா வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்துவிட்டு, பெருங்குடலின் பாதி வழிக்கு மேல் போய்த்தான் ஓய்கிறது. மூளையின் கட்டளைகளைக் கீழே கொண்டுபோகும் நரம்பு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பூனைகளில் இழைகளை எண்ணிப் பார்த்தபோது ஏறத்தாழ 80 சதவீதம் எதிர்த் திசையில், உறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை என்று தெரிந்தது. மனிதர்களில் அதே விகிதமா என்பதில் இழுபறி இருந்தாலும், பெரும்பகுதி மேல்நோக்கித்தான் போகிறது என்பதில் சந்தேகமில்லை. அதிகாரி என்பதைவிட ஒற்றன் என்று சொல்வதே சரி.

ஓர் அனிச்சைச் செயலுக்குச் செய்தி கொண்டுபோகும் வழி, முடிவெடுக்கும் இடம், கட்டளை திரும்பி வரும் வழி என்று மூன்று பகுதிகள் உண்டு. போகும் வழியும் வரும் வழியும் ஒரே நரம்பாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இதை மறந்துவிடுவதால்தான் ஊரில் நடக்கும் எல்லாவற்றுக்கும் வேகஸின் தலையில் பழியும் புகழும் விழுகின்றன. காலையில் நாக்கு வழிக்கும்போது ஓங்கரிக்கிறதே, அதில் அடிநாக்கிலிருந்து செய்தி கொண்டுபோவது ஒன்பதாவது நரம்பு; தொண்டைத் தசையைச் சுருக்குவது வேகஸ். புரையேறுவதில் உணர்வது, குரல்நாண்களை ஒரு நொடியில் இழுத்துச் சாத்துவது இரண்டும் வேகஸ்தான், ஆனால் அடுத்து நெஞ்சையும் வயிற்றையும் இறுக்கிக் காற்றை வெடிக்க வைப்பது தண்டுவட நரம்புகள். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி உச்சந்தலையில் தட்டுகிறோம். அதற்கு நரம்பு வழியில் ஒரு காரணமும் கிடையாது, கெடுதலும் கிடையாது. ஆள் சத்தமாக இருமிக்கொண்டிருக்கும்வரை அவரே பார்த்துக்கொள்வார். சத்தமே வராமல் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முகம் நீலமானால்தான் முதுகில் பலமாகத் தட்டவும் மேல்வயிற்றை அழுத்தவும் வேண்டும்.

தாளிக்கும் வாசனைக்கு வாயில் எச்சில் ஊறுவதையும் வேகஸ் கணக்கில் எழுதுகிறார்கள். எச்சில் சுரப்பது ஏழாவது, ஒன்பதாவது நரம்புகளால். ஆனால் அதே வாசனைக்கு இரைப்பையில் அமிலம் ஊறுவது வேகஸால்தான். ரஷ்ய உடலியங்கியலாளர் பாவ்லோவ் நாய்களின் உணவுக்குழாயைக் கழுத்தில் வெளியே திறந்து விட்டு, தின்றது வயிற்றுக்குப் போகாமலே இரைப்பைச் சாறு கொட்டுவதைக் காட்டினார். வேகஸை வெட்டியதும் அது நின்றுபோனது. 1904-இல் அவருக்கு நோபல் பரிசு செரிமான ஆய்வுகளுக்காகவே கிடைத்தது, பலரும் நினைப்பதுபோல் மணியடித்து நாய்க்கு எச்சில் ஊறவைத்த கதைக்காக இல்லை. இதன் தொடர்ச்சிதான் நம் "பலப்படுத்தும்" ஆசைக்கு நல்ல மருந்து. 1943-இல் சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் குடற்புண் நோயாளிகளுக்கு வேகஸை வெட்டத் தொடங்கினார். அமிலம் குறைந்து புண் ஆறியது. கூடவே இரைப்பை சரியாகக் காலியாகாமல் சோறு அப்படியே தேங்கியது, அதற்காக இரைப்பையின் வாயை அகலப்படுத்தும் இன்னொரு வேலையும் செய்ய வேண்டி வந்தது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளும், புண்ணுக்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததும் அந்த அறுவையை ஏறக்குறைய ஓய்வுபெற வைத்துவிட்டன. பல்லாயிரம் பேருக்கு இந்த நரம்பின் "பலத்தை" வெட்டி எறிந்துதான் வைத்தியம் பார்த்திருக்கிறோம் என்பதை, அதைப் பலப்படுத்தச் சொல்கிறவர்கள் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

சாப்பிட்டு எழுந்ததும் கழிவறைக்கு ஓடுவதில் வேகஸுக்குப் பங்கு உண்டு, ஆனால் குடலுக்கு உள்ளேயே இருக்கும் நரம்பு வலையும் ஹார்மோன்களும் அதில் பெரிய கூட்டாளிகள். விக்கலும் அப்படித்தான்: உதரவிதானத்தை வெட்டி இழுப்பது வேறொரு நரம்பு, வேகஸ் செய்தி கொண்டுபோகும் பல வழிகளில் ஒன்று. மூச்சை அடக்குவது, குளிர்ந்த தண்ணீர் குடிப்பது எல்லாம் சிலருக்குப் பலிக்கிறது. ஒழுங்கான ஆய்வுகளோ மிகக் குறைவு. விக்கல் தானாகவே நிற்கக்கூடியது என்பதால் கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் பேர் கிடைத்துவிடுகிறது.

இதயத்துக்கு வருவோம். இதைப் படித்துக்கொண்டே மணிக்கட்டில் நாடியைப் பிடித்து மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள். இழுக்கும்போது நாடி கொஞ்சம் விரைகிறது, விடும்போது தாமதிக்கிறது. வயது குறைவாக இருந்தால் நன்றாகவே தெரியும். மூச்சை விடும்போது வேகஸ் பிரேக்கை அழுத்துகிறது, இழுக்கும்போது தளர்த்துகிறது. இதயத்தைத் தனியாக விட்டால் நிமிடத்துக்கு 100 வாக்கில் துடிக்கும். உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு 70 இருக்கிறதென்றால் மிச்சத்தைப் பிடித்து வைத்திருப்பது வேகஸ். மாற்று இதயம் பொருத்திக்கொண்டவர்களுக்கு அந்தக் கம்பி வெட்டுப்பட்டிருப்பதால் சும்மா இருக்கும்போதே நாடி 90, 100 என்று ஓடும். வேகஸைத் தூண்டினால் இதயம் நிற்கும் என்று வேபர் சகோதரர்கள் 1845-லேயே காட்டிவிட்டார்கள். எதைக் கொண்டு நிறுத்துகிறது என்பதற்கு 1921-இல் ஆட்டோ லோவியின் சோதனை வர வேண்டியிருந்தது. ஒரு தவளை இதயத்தின் வேகஸைத் தூண்டினார், அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து இன்னொரு இதயத்தில் விட்டார், அதுவும் தாமதித்தது. நரம்பு ஒரு ரசாயனத்தைச் சுரந்துதான் பேசுகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. அதை அசிட்டைல்கோலின் என்று பிறகு அடையாளம் கண்டார்கள். சோதனையின் திட்டம் கனவில் வந்ததாக லோவியே பின்னாளில் சொன்னார். உடலியங்கியல் வகுப்பில் மாணவர்கள் தூங்காமல் கேட்ட ஒரே பாடம் இதுதான், அதுவும் தூக்கத்தைப் பற்றியது என்பதால் இருக்கலாம்.

ரத்தம் எடுக்கும்போது உங்களுக்கு வந்த மயக்கத்தில் இந்தப் பிரேக் திடீரென்று அழுத்தப்பட்டது. ஆனால் அது பாதிக் கதை. இந்த மயக்கத்துக்கு வேகஸின் பெயரையும் ரத்தக்குழாயின் பெயரையும் சேர்த்து "வேசோவேகல்" என்ற பெயரை நிலைக்க வைத்தவர் லண்டன் மருத்துவர் தாமஸ் லூயிஸ், 1932-இல். வேகஸைத் தடுக்கும் அட்ரோபின் மருந்தைக் கொடுத்தால் நாடி ஏறிவிடுகிறது, ரத்த அழுத்தமோ தாழ்ந்தே கிடக்கிறது என்று அவர் கவனித்தார். கால்களிலும் வயிற்றிலும் உள்ள ரத்தக்குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் வேலை வேகஸுடையது இல்லை, ஆபத்து நேரத்தில் உடலை முடுக்கிவிடும் சிம்பதெட்டிக் நரம்புகளுடையது. அவை ஒரு கணம் கையை விட்டுவிடுவதால் ரத்தம் கீழே தங்கி, மூளைக்குப் போதாமல் போகிறது. ஊசியைப் பார்த்ததும் இப்படி ஏன் ஆக வேண்டும்? அடிபட்டால் ரத்தம் அதிகம் வீணாகாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு என்றும், செத்ததுபோல் கிடந்து விலங்கிடமிருந்து தப்பும் தந்திரம் என்றும் விளக்கங்கள் உலவுகின்றன. கேட்க நன்றாக இருக்கின்றன, நிரூபணம் ஆனவை இல்லை. உறுதியாகத் தெரிந்தது, ரத்தமும் ஊசியும் பார்த்து மயங்குவது குடும்பங்களில் ஓடுகிறது என்பதும், ஆரோக்கியமான இளவயதுக்காரர்களுக்கே அதிகம் வருகிறது என்பதும்தான்.

அடுத்த முறை ரத்தம் கொடுக்கப் போகும்போது முன்னாலேயே சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரத்துக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பது உதவும்; வெறும் வயிற்றுப் பரிசோதனைக்கும் பெரும்பாலும் தண்ணீருக்குத் தடையில்லை, லேபில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கை சில்லிட்டு வேர்க்க ஆரம்பித்தால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடை, பிட்டம், வயிறு எல்லாவற்றையும் பத்துப் பதினைந்து நொடி இறுக்கிப் பிடித்து விடுங்கள், திரும்பச் செய்யுங்கள். ரத்தம் கண்டால் மயங்குகிறவர்களுக்காக ஸ்வீடனில் 1980-களில் உருவாக்கிய பயிற்சி இது, நன்றாகவே பலிக்கிறது. மயங்கி விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்து முகத்தில் தண்ணீர் அடிப்பதுதான் நம் வழக்கம். உட்கார வைக்காதீர்கள். படுத்தபடி கால் உயர்ந்திருந்தால் அரை நிமிடத்தில் அவரே கண் திறப்பார். ஒரு எல்லைக்கோடும் போட்டுவிடுகிறேன்: ஓடும்போதோ படி ஏறும்போதோ மயங்கினால், படுத்திருக்கையில் மயங்கினால், முன்னதாக நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தால், வீட்டில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், அதை வேகஸ் என்று நீங்களும் நானும் முடிவு செய்யக் கூடாது. இ.சி.ஜி. எடுத்து இதய மருத்துவர் பார்க்க வேண்டியது அது.

ஐஸ் தண்ணீரில் முகத்தை முக்கினால் நாடி இறங்குவது உண்மை. முகத்திலிருந்து ஐந்தாவது நரம்பு செய்தி கொண்டுபோக, வேகஸ் பிரேக் போடுகிறது; நீரில் மூழ்கும் எல்லாப் பாலூட்டிகளிடமும் இது உண்டு. ஒருவகைப் படபடப்பில் இதயம் 180, 200 என்று ஓடும்போது இதையும், மூச்சை அடக்கி முக்குவதையும் மருத்துவமனையில் வைத்தியமாகவே செய்கிறோம். 2015-இல் பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வில், சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சை அடக்கி முக்கியவர்களில் 17 சதவீதத்தினருக்குத்தான் இதயம் பழைய தாளத்துக்கு வந்தது. 15 நொடி அப்படி மூச்சை அடக்கி முக்கியதும் உடனே படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தபோது 43 சதவீதம் ஆனது. மருந்தில்லாமல், ஊசியில்லாமல். ஆனால் இவை எல்லாம் அந்த நேரத்துக்கு பிரேக்கை மிதிப்பவை. தினமும் மிதித்தால் பிரேக் பலமாகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. இதய நோய் உள்ளவர்களும் வயதானவர்களும் ஐஸ் வாளியில் முகம் முக்குவதை நான் விரும்ப மாட்டேன்.

தோப்புக்கரணத்தில் நாம் பிடிப்பது காது மடலின் தொங்கும் சதையை. அதற்கு உணர்வு கொடுப்பது கழுத்துத் தண்டுவடத்திலிருந்து வரும் நரம்பு. வேகஸின் கிளை காதுக் குழியிலும் துவாரத்திலும்தான் இருக்கிறது. பிள்ளையாருக்காகப் போடுங்கள், தொடைக்கு நல்ல பயிற்சி என்று போடுங்கள், வேகஸைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். காதுக் குழியில் மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன, முடிவுகள் இன்னும் கலவையாகத்தான் இருக்கின்றன. கழுத்தில் வேகஸையே சுற்றிக் கம்பி பொருத்துவது வேறு, அது நிலைபெற்ற சிகிச்சை: மருந்துக்கு அடங்காத வலிப்புக்கு அமெரிக்காவில் 1997-இல் அனுமதி பெற்றது. அதைப் பொருத்திக்கொண்டவர்களின் முக்கியமான புகார் என்ன தெரியுமா? மின்துடிப்பு வரும்போதெல்லாம் குரல் கம்முகிறது, இருமல் வருகிறது. உங்கள் காது விவகாரமேதான், இன்னும் கீழே ஒரு படியில்.

நிமிடத்துக்கு ஆறு என்று மூச்சை மெதுவாக்கினால், அப்படிச் செய்யும்வரை வேகஸின் ஏற்ற இறக்கம் கூடுகிறது என்பது அளந்து பார்த்த உண்மை. மனம் கொஞ்சம் அமைதியாவதையும் பலர் உணர்கிறார்கள். ஆனால் "வேகஸை ரீசெட் செய்கிறேன்" என்று வீடியோக்களில் சொல்லும் பெரிய கதைகளுக்குப் பின்னால் பெரும்பாலும் அமெரிக்க உளவியலாளர் ஸ்டீபன் போர்ஜஸ் 1994-இல் முன்வைத்த "பாலிவேகல்" கோட்பாடு இருக்கும்; பயம், பாதுகாப்பு உணர்வு இவற்றை வேகஸின் தனித்தனிக் கிளைகளோடு இணைப்பது அது. மனநல ஆலோசகர்கள் பலருக்கு அது பிடிக்கும். அதன் உடற்கூறியல் அடிப்படையையும் பரிணாம அடிப்படையையும் ஆராய்ச்சியாளர்கள் பலர் ஏற்பதில்லை. நான் இரண்டாம் கட்சி. மூச்சுப் பயிற்சியால் கிடைக்கும் நிம்மதி நிஜமாக இருந்துகொண்டே அதற்குச் சொல்லப்படும் விளக்கம் தப்பாக இருக்க முடியும்.

வேகஸ் உண்மையிலேயே செயலிழந்தால் எப்படி இருக்கும் என்பதை என் நாற்காலியில் பார்த்திருக்கிறேன். குரல் காற்றோட்டமாக, பாதி வார்த்தையில் கரைந்துபோகும். தண்ணீர் குடித்தால் புரையேறும், இருமச் சொன்னால் மாடு செருமுவதுபோல் வெட்டில்லாத சத்தம் வரும். "ஆ" சொல்லச் சொன்னால் உள்நாக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். இடது குரல்நாணுக்குப் போகும் கிளை நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றி வளைந்து மேலே திரும்புவதால், நுரையீரல் கட்டி சில சமயம் முதலில் குரல் கம்மலாகத்தான் தலைகாட்டும். பல வருடம் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உட்கார்ந்திருக்கும்போதே நாடி விரைவதும், சாப்பிட்டது வயிற்றில் தேங்குவதும் வேகஸ் இழைகள் நைந்துபோவதால் வரலாம். உங்கள் இருமலில் வெட்டு இருக்கிறது, நாடியைப் பிடிக்க பிரேக் இருக்கிறது. எழுதியிருப்பதை வைத்துச் சொல்ல முடிந்தவரை, இந்தப் பட்டியலில் ஒன்றும் உங்களிடம் இல்லை.

பட்ஸை மட்டும் தூக்கிப் போடுங்கள். காதுத் துவாரத்தின் தோல் தானாகவே உள்ளிருந்து வெளியே நகர்ந்து குறும்பியைக் கொண்டுவந்து விடும். பட்ஸ் அதை எதிர்த் திசையில் செவிப்பறைவரை தள்ளி அடைக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளி ஆசிரியர் நான்கு மாத இருமலோடு வந்தார். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் முடிந்து, இன்ஹேலரும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமலுக்கு முதலில் காசநோய்ச் சோதனை செய்வதுதான் முறை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குரல்வளையைப் பார்க்கத்தான் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். அது சுத்தமாக இருந்தது. பழக்கத்தில் காதையும் பார்த்தேன். சலூனில் விழுந்த ஒரு துண்டு முடி, ஒரு முனை பின்சுவரிலும் மறு முனை செவிப்பறையிலும் குத்திக்கொண்டு கிடந்தது. இடுக்கியால் தொட்டதும் இருமினார், எடுத்தபின் இருமவில்லை. எல்லா இருமலும் இவ்வளவு மலிவாகத் தீராது. உங்களுக்குக் காதைத் தொடும்போது மட்டும்தான் வருகிறதென்றால் தொடாமல் விட்டாலே போதும். தொடாமலேயே வர ஆரம்பித்தால், நெஞ்சைப் பார்க்கிற மருத்துவரிடம் காதையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.